திருநீற்றுக்கும் ஒரு கூண்டு

பாரிஸில் லா சப்பலுக்கு வருகிறோம், எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்குக் கடைகளைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். இன்று எழுதுவது 1987இல் நான் அங்கே மூன்று தடவை போய்வந்த ஓர் ஆய்வுகூடத்தைப் பற்றி. வீட்டு மருந்தைச் சோதித்துப் பார்க்கக் கொடுக்க நினைப்பவர்களுக்கு உதவலாம்.

அந்த வருடம் மாசியில் என் கணவருக்கு இரைப்பையில் புண் என்று டாக்டர் சொன்னார். உணவகச் சமையலறையில் வேலை. எல்லாருக்கும் சமைத்துவிட்டுத் தான் பிந்திச் சாப்பிடுகிறவர். டாக்டர் குளிசை தந்தார். கவனிக்காவிட்டால் புண்ணில் இரத்தம் கசியும், வெட்டவேண்டி வரும் என்றும் சொன்னார். நான் என் பங்குக்கு வாழைக்காயை மெல்லிசாகச் சீவி, நிழலில் காயவைத்து, இடித்து அரித்து, அந்த மாவைத் தேனில் குழைத்துக் கொடுத்தேன்.

நாங்கள் இருந்தது பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில். காலை 9.10 ரயில் எடுத்தால் 9.30க்குள் கார் து நோர் நிலையம். அங்கிருந்து கடைத்தெருவான ரூ பிலிப்-து-ஜிராருக்கு நடக்கப் பத்து நிமிடம். ஒருநாள் வாழைக்காய் வாங்கப் போனேன், கிலோ 18 ஃபிராங். எனக்கு முன்னால் நின்ற பெண் ஆறு கிலோ கேட்டார்.

"வீட்டிலை விசேஷமோ?" என்றார் கடைக்கார அண்ணை.

"இல்லைங்க, எலிக்கு."

"எலிக்கு மருந்து வைக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். விருந்து வைக்கிற ஆளை இஞ்சைதான் காணுறன்!"

அந்தப் பெண்ணின் பெயர் ஜோசபின், புதுச்சேரிக்காரர், ஆய்வுகூடத்தில் உதவியாளர். எலிகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்து வயிற்றில் புண் உண்டாக்கி, வாழைக்காய் மா அதைத் தடுக்கிறதா என்று பார்க்கிறார்களாம். எனக்கு அங்கேயே கை கூப்பத் தோன்றியது. என் அடுப்படியில் நடப்பதை இந்த ஊர்ப் படித்தவர்களும் செய்கிறார்களா!

"நான் வீட்டிலை இடிக்கிறன் பிள்ளை. கொண்டுவரட்டோ?"

"கொண்டாங்கக்கா, மெஸ்யே, எங்க பேராசிரியர், சந்தோஷப்படுவார்."

அடுத்த வாரம் ஆய்வுகூடத்துக்கு ஒரு டின் மா கொண்டுபோனேன். லா சப்பல் மெத்ரோவிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. பழைய கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஜோசபின் செய்முறையை வரிவரியாக எழுதிக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்துப் பார்க்க வரச்சொன்னார்கள். அதற்குள் என் கணவருக்கு வலி குறைந்து, "உம்மடை மா போதும்" என்று மூன்று நாளாகக் குளிசையை நிறுத்தியிருந்தார். ஆய்வுகூடத்தில் ஒரு பெரிய கண்ணாடி வில்லைக்குக் கீழே ஆஸ்பிரின் கொடுத்த இரண்டு எலிகளின் இரைப்பைகளை விரித்து வைத்திருந்தார்கள். வெறும் தீனி தின்றதன் இரைப்பையில் கறுத்த கீறல்கள். என் மா தின்றதில் ஒன்றுமில்லை. பட்டுத்துணி போல இருந்தது. அந்த உயிருக்காக மனதுக்குள் ஐந்தெழுத்தைச் சொன்னேன்.

பேராசிரியர் தாளைப் பார்த்து ஏதோ கேட்டார். ஜோசபின் தமிழில் சொன்னார்: "வேற எதுவும் சேக்கலைதானே அக்கா? எழுதி முடிச்சிடலாமான்னு கேக்கறார்."

சேர்த்திருந்தேன். ஒவ்வொரு டின்னுக்கும் சாமித்தட்டிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு. மறைக்க நினைக்கவில்லை, திருநீறு எனக்கு ஒரு சாமானே அல்ல, அதனால் செய்முறையில் வரவில்லை. ஜோசபின் கழுத்தில் சிலுவை. வெள்ளைக்காரப் பேராசிரியர் வேறு நிற்கிறார். சிரிப்பார்களே என்று தயங்கினேன். ஆனால் வீட்டில் ஒருவர் இந்த மாவை நம்பிக் குளிசையை நிறுத்திவிட்டு இருக்கிறார். சொல்லிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் மெதுவாகப் பேனாவை மூடினார். சாம்பலும் வயிற்றுப் புளிப்பை அடக்குமாம். எலியைக் காத்தது எது என்று இனிச் சொல்ல முடியாதாம். ஐந்து வாரத்து வேலையை ஒரே கோடாகக் குறுக்கே அடித்தார்.

"என்னாலைதானே பிள்ளை?"

"உங்களாலதான் தப்பிச்சோம்ங்கறார். இப்ப நாலு கூண்டுக்கா. ஒண்ணுக்கு வெறும் தீனி, ஒண்ணுக்கு மாவு, ஒண்ணுக்கு ரெண்டும். திருநீற்றுக்கும் ஒரு கூண்டு."

படிகளில் இறங்கும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் கும்பிடுகிற பொருளை அவர் இகழவும் இல்லை, சும்மா நம்பவும் இல்லை. அதற்கும் சமமாக ஓர் இடம் கொடுத்தார். ஒரு சிட்டிகைக்காக நல்ல முடிவொன்றைத் தூக்கிப் போட்டாரே! அந்த நேர்மையும் எனக்கு ஒரு சந்நிதி போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் குளிசையை எடுத்து வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, இதைத் திரும்பப் போடுங்கோ."

"ஏன், எலி என்னைப் பற்றிப் பிழையாச் சொல்லிட்டுதோ?"

"சுகப்படுத்தினது மாவோ திருநீறோ எண்டு இன்னும் தெரியாது."

"ரெண்டும் நீர் தந்ததுதானே!"

"தெரியிறவரைக்கும் உங்கடை வயிறு பொறுக்குமோ?"

தண்ணீர் கேட்டார்.

மூன்றாம் பயணம் ஆனியில். அதற்கு முன்பே திருநீறு சேர்க்காத மாவையும் ஒரு பொட்டலம் திருநீற்றையும் கடையில் ஜோசபினிடம் கொடுத்திருந்தேன். மா மட்டும் தின்ற எலிகளின் இரைப்பை அதே பட்டு. திருநீறு மட்டும் தின்றவற்றில் கீறல்கள். எனக்கு வருத்தம் வரவில்லை. அது நெற்றிக்கு உரியது. ஆனால் பேராசிரியர் விரல் நீட்டிச் சொல்லியனுப்பினார்: எலி மனிதன் அல்ல, குளிசையை நிறுத்தவேண்டாம்.

போகிறவர்களுக்கு: ரயிலும் மெத்ரோவும் போக வர அப்போது எனக்கு 16 ஃபிராங் ஆனது, இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். கழுவிக் காயவைத்த போத்தலில் மாவைக் கொடுங்கள். வெட்டிய நாள், காயவைத்த விதம், கை தவறி விழுந்தது, கும்பிட்டுப் போட்டது எல்லாம் எழுதிக் கொடுங்கள். டாக்டருக்கும் சொல்லுங்கள்.

ஆடியில் டாக்டர் இவருடைய வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். புண் ஆறியிருந்தது. நான் ஜோசபினைக் கடையில் கண்டு, ஆற்றியது குளிசையா மாவா என்று பேராசிரியரிடம் கேட்கச் சொன்னேன். மறுவாரம் பதில் வந்தது.

"அது தெரியணும்னா, மாத்திரை இல்லாம மாவு மட்டும் சாப்பிட்டு இன்னொரு கூண்டுல இன்னொரு அண்ணன் இருந்திருக்கணுமாம்க்கா."

எனக்கு இருப்பது இவர் ஒருவர்தான். அது தெரியாமலே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினேன்.