இடது குழல்

கிலோன்சோவை நல்ல வேட்டைக்காரன் என்று யாராவது சொன்னால் நைரோபிக்குத் தென்கிழக்கே கிப்வேஸிச் சந்தையில் இன்றும் காறித் துப்ப நாலு பேர் இருக்கிறார்கள். துப்பட்டும். சோளக்கொல்லையில் யானை இறங்கியபோது விழுந்தடித்து ஓடிவந்து அவன் வாசலில் நின்றவர்களும் இவர்களேதான்.

மீசை அரும்புகிற வயதில் ஹென்ஷா துரையிடம் துப்பாக்கி சுமக்கப் போனவன் அவன். பணக்கார வெள்ளைக்காரர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய் யானையும் எருமையும் சுடவைப்பது துரைக்குத் தொழில். இங்கிலாந்தில் செய்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. பக்கத்தில் பக்கமாக இரண்டு குழல், இரண்டு விசை. வலதைச் சுட்டதும், ஒற்றைக்குழல்போலப் பூட்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றாமல், அடுத்த விசையை அழுத்தினால் இடது வெடிக்கும். மிருகம் மேலே பாய்ந்து வரும்போது அந்த இரண்டாவது குண்டுதான் உயிரைக் காப்பாற்றும்.

அதனால் துரையின் ஆட்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. இடது குழல் உயிர்க்குழல். குறி சரிபார்க்க மரத்தில் சுடுவதென்றால் வலது மட்டும்தான். துரை அப்படித்தான் செய்வார்; பார்த்துப் பார்த்து ஆட்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இடதை வீணுக்குச் சுட்டால் வேண்டிய நேரத்தில் அது கைவிட்டுவிடும் என்று ஒருவன் சொன்னான், எல்லோரும் நம்பினார்கள். கிலோன்சோ எல்லோரையும்விட ஒரு படி கூடுதலாக நம்பினான்.

நாடு விடுதலையானதும் துரை நிலத்தை விற்றுக் கப்பல் ஏறிவிட்டார். துப்பாக்கி வனவிலங்கு இலாகாவுக்குப் போனது. பயிரை அழிக்கும் யானைகளைச் சுடுகிற வேலையில் இலாகா கிலோன்சோவை வைத்து, அதே துப்பாக்கியை அவன் கையில் கொடுத்தது. அத்தனை வருஷம் இன்னொருத்தனுக்காகச் சுமந்ததை இனி அவனே சுடலாம்! அவன் மனைவி கமேனே அன்று கோழி அடித்தாள்.

"மாமா, தோட்டாப் பை தூக்க ஆள் வேணுமே, நான் வரட்டா?" என்றான் கமேனேயின் தம்பி மைங்கி. "ஆனா துரை மாதிரி உதைக்கக் கூடாது, ஆமா."

"உன்னை உதைச்சா உங்கக்கா என்னைச் சும்மா விடுவாளா மச்சான்?"

கமேனே சிரிக்கவில்லை. "விளையாட்டு இல்லீங்க. கூட்டிட்டுப் போற மாதிரியே திருப்பிக் கூட்டிட்டு வரணும்," என்றாள்.

சில வருஷம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு தோட்டா தீர்ந்தது. அந்த அளவுத் தோட்டா செய்வதையே இங்கிலாந்தில் நிறுத்திவிட்டார்கள். அதிகாரி ஒற்றைக்குழல் புதுத் துப்பாக்கி ஒன்றை நீட்டினார். கிலோன்சோ அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"சுட்டு, பூட்டை இழுத்து, தள்ளி, மறுபடி சுடறதா? அதுக்குள்ள யானை என்னை மிதிச்சுக் கூழாக்கிடும் சார்."

குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறையைக் குடைந்து கொஞ்சம் பெரிதாக்கினால், அதே குண்டு வைத்த, அடி தடித்த வேறு தோட்டாவைப் போடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது நைரோபியில் கிடைத்தது. அதிகாரியை நச்சரித்து அனுமதி வாங்கிக்கொண்டு, துப்பாக்கி பழுதுபார்க்கும் கிர்பால் சிங்கின் கடைக்குப் போனான்.

சிங் துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து குழல்களை வெளிச்சத்தில் பார்த்தார். "இதைக் கெடுக்காதப்பா. அந்தப் பழைய தோட்டாவுக்குன்னே ரெண்டு குழலையும் சேர்த்துப் பத்தவச்சு, ரெண்டு குண்டும் ஒரே இடத்துல விழற மாதிரி பண்ணியிருக்கான். குடைஞ்சா அப்புறம் இது வேற துப்பாக்கி. பழசுக்கு அலையறவன்கூட இதைச் சீந்த மாட்டான். சுவத்துல மாட்டிட்டு இலாகா குடுக்கறதை எடுத்துக்க."

"சுவத்துல மாட்டி அழகு பாக்க நான் என்ன துரையா? எனக்கு யானை வருது சிங்."

வாதாடிப் பார்த்துவிட்டு சிங் குடைந்துகொடுத்தார். கொடுக்கும்போது, "ஊருக்குள்ள சுட்டுப் பாக்க போலீஸ் விட மாட்டேங்கறான். அளவுக்கட்டை வச்சுத்தான் குடைஞ்சிருக்கேன். காட்டுல கால் வைக்கறதுக்கு முன்னால சுட்டுப் பாரு. ரெண்டு குழலையும். கேட்டுதா?" என்றார்.

"கேட்டுது, கேட்டுது."

ஊருக்கு வெளியே ஒரு பெருத்த பாவோபாப் மரத்தில் மைங்கி சுண்ணாம்பால் வட்டம் போட்டான். கிலோன்சோ வலதைச் சுட்டான். குண்டு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. துப்பாக்கியை மடக்கி இடது தோட்டாவை உருவினான்.

"சிங் ரெண்டையும் சுடச் சொன்னாரே மாமா?"

"சிங் கடையில உக்காந்துக்கிட்டு ஆயிரம் சொல்லுவார். யானை முன்னால நிக்கறது நீயும் நானும்டா. உயிர்க்குழலை மரத்துக்குச் சுடுவாங்களா?"

"சரி சரி, உங்க இடது ராஜா தூங்கட்டும்," என்று மைங்கி பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அந்த அளவுக்கு அவன் மாமாவை நம்பினான், பாவி.

மசோங்கலேனி என்ற பக்கத்து ஊரில் ஒரு கொம்பன் மூன்று குடும்பத்துச் சோளத்தைத் தின்றுவிட்டு, விடிந்தும் கொல்லையைவிட்டுப் போகாமல் நின்றது. இருவரும் காற்றுப் பார்த்து நெருங்கினார்கள். கிலோன்சோ வலதைச் சுட்டான். குண்டு நெற்றியில் பட்டது, மூளையில் படவில்லை. யானை ஒருமுறை தள்ளாடிவிட்டு நேராக வந்தது. அவன் பதறவில்லை. இடது குழலின் விசையை அழுத்தினான்.

'டக்' என்றது. அவ்வளவுதான்.

துப்பாக்கிக்காரன் நிற்கும்வரை தோட்டாக்காரன் ஓடக்கூடாது என்பது காட்டு வேலையின் முதல் பாடம். கிலோன்சோதான் சொல்லிக் கொடுத்திருந்தான். மைங்கி ஓடவில்லை. இரண்டு தோட்டாக்களை விரலிடுக்கில் வைத்து நீட்டியபடி முன்னால் வந்தான். யானையின் தோள் இடித்துக் கிலோன்சோ வாய்க்காலில் போய் விழுந்தான். எழுந்து பார்த்தபோது, யானை மிதித்துப் போன இடத்தில் மைங்கி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அன்று மாலையே அந்த யானை ஆற்றோரம் செத்துக் கிடந்தது. ஊர் போட்டி போட்டுக்கொண்டு இறைச்சி வெட்டியது. வெட்டிக்கொண்டே, "தோட்டா போடத் தெரியாதவன் எல்லாம் வேட்டைக்காரன்," என்றும் பேசியது. வெட்கங்கெட்ட ஊர்.

துப்பாக்கியையும் வெடிக்காத தோட்டாவையும் எடுத்துக்கொண்டு கிலோன்சோ நைரோபி போனான். தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியின் தடம் அதன் அடியில் கொசு கடித்த அளவுகூட இல்லை. சிங் இடது அறையில் அளவுக்கட்டையை விட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு மயிரிழை ஆழமா குடைஞ்சிருக்கேன். தோட்டா உள்ள இறங்கிடுது, ஊசி எட்டல. தப்பு என்னுதுதான், இல்லைங்கல. ஆனா ஒரே ஒரு தடவை சுட்டிருந்தா மரத்தடியிலேயே தெரிஞ்சிருக்குமேப்பா! ஏன் சுடல?"

"இடதைச் சும்மா சுடக்கூடாது. துரை சுட மாட்டார்."

"யார் சொன்னது? அவர் இதை வாங்கிட்டு வந்தப்போ அத்திப் புல்வெளியில அவர்கூட நின்னவன் நான். இடதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டார். சந்தேகம் தீர்றவரைக்கும் சுட்டார். அப்புறம் ஏன் சுடலைன்னா, தோட்டா என்ன விலை விக்குது! உங்க துரை கஞ்சன்யா. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

 கிலோன்சோ துப்பாக்கியைச் சிங்கிடமே விட்டுவிட்டுக் கடைக்கு வெளியே வந்தான்.

ஊருக்குத் திரும்பி எல்லாவற்றையும் கமேனேயிடம் சொன்னான். கஞ்சத்தனத்தைச் சட்டம் என்று நம்பினேன் என்றும் சொன்னான். மறைக்க அவனுக்குத் திராணி இல்லை.  அவள் எப்போதும்போல் சோறு போட்டாள், மாட்டைப் பார்த்தாள், அம்மா வீட்டுக்குப் போய் வந்தாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

மழைக்காலம் முடிந்து கதிர் முற்றும்போது இலாகா வண்டி வந்தது. சிங் சரிசெய்த துப்பாக்கியை இறக்கிவைத்துவிட்டு, மசோங்கலேனியில் மறுபடி யானை இறங்கியிருக்கிறது, ஆளைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பு என்று சொல்லிப் போனது. கமேனே உரலில் சோளம் குத்திக்கொண்டிருந்தாள்.

"போகணும்," என்றான் கிலோன்சோ. "ரெண்டு குழலையும் சுட்டுப் பாத்துட்டுத்தான் போவேன்."

"பாருங்க."

"பை தூக்க ஒரு ஆள் வேணும்."

அவள் உலக்கையை நிறுத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்து நீ என்று பேசினாள்.

"எனக்கு இன்னும் ரெண்டு தம்பிங்க இருக்காங்க. பெரியவன் வேணுமா உனக்கு, சின்னவனா?"