தனகோட்டி தின்ற வெல்லம்

நெய்வேலி சுரங்கத்தில் தனகோட்டிக்குப் பதினாறு வருஷமாக ஒரே வேலை. கரி போகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரி மறுபடி மேலே போடுவது. நிமிர்வதற்குள் அடுத்தது சிந்தியிருக்கும். ஷிப்ட் முடிந்ததும் தொண்டைக்கு ஒரு கட்டி வெல்லம். தின்றால் உள்ளே போன கரியை அறுத்துக்கொண்டு போய்விடும் என்று காண்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவன் மனைவி மாணிக்கம்மாள் தினமும் உள்ளங்கை அளவுக் கட்டியைப் பையில் வைத்தனுப்புவாள். நடுவில் ஆறு டீ, சர்க்கரை தூக்கலாக.

இரண்டாயிரத்துப் பதினாறு கோடையில் அவனுக்கு மண்வெட்டியைத் தூக்குவதே பெரும்பாடாகிவிட்டது. ஸ்கேனில் ஈரல் கொழுத்திருப்பதாக வந்தது. ஈரல் கெட்டால் குடிதான் என்பது ஊரார் தீர்ப்பு. குடிக்கு அண்ணனைப் பறிகொடுத்த மாணிக்கம்மாள், கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினான். அப்போதும் நம்பவில்லை, மூன்று மாதம் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். சாராயத்தைத் தொட்டறியாத மனுஷனுக்கு இது வேண்டுமா? பக்கத்து வீட்டிலிருந்து பார்த்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

கடைசியில் அவளே அவனை வடலூர் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"இந்தாளு குடிக்கிறாரா இல்லியா, நீங்களே சொல்லுங்கம்மா."

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். அவன் தின்பது, குடிப்பது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இது குடியில்லம்மா, இனிப்பு. மிஞ்சின இனிப்ப ஈரல் கொழுப்பாக்கிச் சேத்து வச்சுக்குது. ஈரலுக்குள்ளயே குடியிருக்கிற எதிர்ப்பு அணுக்கள் இருக்கு. ரத்தத்துல வர்ற குப்பைய வாரித் தின்கிறதுதான் அதுங்க வேலை. கொழுப்பு ஏற ஏற அதுங்க வெறி புடிச்சுப்போயி, வெளியிலேர்ந்தும் ஆள் கூப்பிட்டுக்கிட்டு, நல்ல ஈரலையே புண்ணாக்குதுங்க. புண்ணு தழும்பாயிட்டா கஷ்டம்."

தனகோட்டி குறுக்கே பேசினான். "எங்க பெல்ட்டடி மாதிரிதாங்க. மேல கொட்டிக்கினே இருந்தா, வார்றவன் என்னாங்க பண்ணுவான்?"

"அப்ப கொட்டுறத நிறுத்துங்க. வெல்லம், சர்க்கரை எதுவும் வேண்டாம். இன்னும் முத்தல, சரியாயிடும்."

பஸ் ஸ்டாண்டு வரை மாணிக்கம்மாள் முன்னால் நடந்தாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுதாள்.

"நீ குடிச்சிருந்தீனா ஒன்ன வைஞ்சிக்கினே காலத்த ஓட்டியிருப்பேன். இப்ப யார வையறது? பதினாறு வருஷமா என் கையாலதான குடுத்தேன்."

"ஆவட்டும், வுடு. பஸ்ஸு வருது, ஏறு."

மறுநாள் பையில் வெல்லம் இருந்த இடத்தில் அவித்த கொள்ளு இருந்தது. ஷிப்ட் முடிந்து தனகோட்டி அதை மிச்சம் வைக்காமல் தின்றான். தொண்டையில் கரி அப்படியே இருந்தது.