பச்சை அட்டை

லிஃப்ட்காரருக்கு ரத்தக்கொதிப்பு அடங்கிவிட்டது. வேறு யாருக்காவது என்றால் நல்ல செய்தி. அவருக்கு இல்லை.

முப்பத்தொரு வருடம் ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். ஆயிரம் பேர் தோளை உரசி நின்றிருப்பார்கள். மாடி எண்ணுக்கு மேல் ஒரு வார்த்தை பேசியவர்கள் அபூர்வம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அந்த எண்ணைச் சொல்லக்கூட ஆளில்லை. வெளியூர் மகள் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்வாள்.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

"போட்டேம்மா."

பேச்சு முடிந்தது.

மிச்சம் செவ்வாய்க்கிழமைதான். சுகாதார நிலையத்து நர்ஸ் அவர் கையில் கொதிப்பு பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "என்னய்யா, சட்டையில மேல் பட்டனைக் காணோம்?" என்று வம்புக்கிழுப்பாள். அந்த இரண்டு நிமிடத்துக்காக மனிதர் திங்கட்கிழமையே சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிடுவார்.

இந்த நேரம் பார்த்து வட்டார அலுவலகம் சர்க்கரை, கொதிப்புக்காரர்களுக்குப் புதுத் திட்டம் போட்டது. நோய் அடங்காதவருக்குச் சிவப்பு அட்டை, வாரா வாரம் வரவேண்டும். அடங்கியவருக்குப் பச்சை அட்டை, மூன்று மாத மாத்திரை மொத்தமாகக் கையில். பதினேழு வார்டுக்கு இரண்டே நர்ஸ் என்றால் வேறு என்னதான் செய்வார்கள்? திட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

பச்சை அட்டையோடு வீடு வந்தவர் மாத்திரையை நிறுத்தினார். ஒரே மாதத்தில் தலைசுற்றல், நூற்று எண்பதுக்கு மேல் கொதிப்பு, கையில் சிவப்பு அட்டை. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். அதையும் அவர் தொடவில்லை.

ஆனால் தவளை தன் வாயால் கெடும். பொதுச் சொத்து வீணாகலாமா என்று மனசு உறுத்த, சேர்ந்த மாத்திரையை ஒரு டப்பாவில் கொண்டுபோய் நர்ஸிடமே நீட்டினார். "வேற யாருக்காவது ஆகும்மா."

நர்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "உயிரோட விளையாடுறீங்களா? பக்கவாதம் வந்திருந்தா?"

"கொறஞ்சா வரவேண்டாம்னு சொன்னீங்களே."

அவள் தன் எதிரிலேயே ஒரு மாத்திரையை விழுங்க வைத்து அனுப்பினாள். இரண்டு மாதத்தில் கொதிப்பு அடங்கியது. மறுபடி பச்சை.

அடுத்த செவ்வாய், டோக்கன் வாங்காமல் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். வரிசை முடிய மதியமாயிற்று. நர்ஸ் கருவியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றினாள். பதிவு நோட்டைத் திறக்கவில்லை.

"இன்னும் பட்டன் தைக்கலையாய்யா?"

"தெச்சுட்டா அப்புறம் என்ன கேப்பீங்க?" என்றார்.