நாலு பக்கமும் ஆற்றங்கரை

எங்கள் ஊர் காவிரிக்கு நடுவில் இருந்த ஒரு திட்டு. நாமக்கல் பக்கத்துக் கரையில் இருப்பவர்கள் எங்களை அக்கரைக்காரர்கள் என்பார்கள். எதிர்க்கரையில் இருப்பவர்களும் அதையேதான் சொல்வார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மட்டும் எங்களைச் சொந்தம் கொண்டாடுவார்கள்; அடுத்த வருடம் பாலம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் பரிசலில் ஏறிப் போவார்கள். வாழையும் கோரையும் நன்றாகவே விளைந்தன. மண்ணைக் குறை சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் பெண்தான் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது, என் சித்தப்பாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. ஆள் பார்க்க நன்றாக இருப்பார், பீடிகூடக் குடிக்கமாட்டார். ஜாதகமெல்லாம் அழகாகப் பொருந்தும். ஊரைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். ஒருமுறை ஐப்பசியில் வந்த பெண் வீட்டார், பரிசலைப் பார்த்ததும் கரையிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு சித்தப்பா சவரம் செய்துகொள்வதையே குறைத்துக்கொண்டார். சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது, இதுவும் தட்டிப்போனால் இனிமேல் தனக்காக யாரும் அலையவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அதனால் அப்பா இந்த முறை ஊர் வழக்கப்படி யோசித்துச் செய்தார். தை கடைசியில் மேட்டூர் அணையை மூடினால், மறுபடி திறக்கும்வரை ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருக்கும். மணலில் மாட்டு வண்டியே வந்துபோகும். அந்த மாதங்களில் எங்கள் ஊர் ஒரு தீவு என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே சம்பந்தக்காரர்களைக் கோடையிலேயே கூட்டிவந்து காட்டி முடித்துவிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். தரகர் அவர்களிடம் ஆற்றங்கரை ஊர் என்று மட்டும் சொல்லியிருந்தார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. எங்களுக்கு நாலு பக்கமும் ஆற்றங்கரைதான்.

சித்திரையில் வீடு பார்க்க வருவதாகச் சொன்னவர்கள், பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்ததால் வைகாசிக் கடைசிக்குத் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் மைசூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள், அணையை முன்கூட்டியே திறந்துவிட்டார்கள் என்று கரையில் தமுக்கு அடித்தார்கள். அவர்களை வரவேண்டாம் என்று சொல்லியனுப்பிவிடலாம் என்றார் அம்மா. அப்பா அசையவில்லை.

“தண்ணி நாளைக்குச் சாயந்தரம்தான் வரும். அவிய மத்தியானமே சாப்புட்டுட்டுப் போயிருவாங்க” என்றார்.

ஊருக்கே ஒரு பரிசல்தான். அதைக் கட்டுத்தரையில் மாடுகளுக்குப் பின்னால் கவிழ்த்து, மேலே வைக்கோலைப் பரப்பினார்கள். அதன்மேல் கோழிகள் ஏறி உட்கார்ந்துகொண்டன. என்னையும் மற்ற பிள்ளைகளையும் கூப்பிட்டு, விருந்தாளிகள் முன்னால் ஆறு, தண்ணீர், பரிசல் என்று எவளாவது வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவதாக அம்மா சொன்னார்.

பெண்ணின் அம்மாவும் தாய்மாமனும் இன்னும் சில பெண்களும் காலையில் மணலில் நடந்தே வந்தார்கள். பெண்ணின் அம்மா உயரமானவர், அதிகம் பேசாதவர். வீட்டைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள், வாழைத்தோப்பைச் சுற்றி வந்தார்கள். மோர் குடித்தார்கள். ஆனால் சாப்பிட மட்டும் உட்காரவில்லை. சம்மதம் என்றால்தான் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். உள்ளே விருந்துக்குச் செய்த சந்தகையும் ஒப்புட்டும் ஆறிக்கொண்டிருந்தன. தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரியும். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் வடக்கிலிருந்து ஒருவன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். அப்பாவின் கணக்கு அரை நாள் பிசகியிருந்தது. எல்லோரும் கரைக்கு ஓடினோம். காலையில் அவர்கள் நடந்துவந்த மணலைக் காணவில்லை. அந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, பார்க்கப் பார்க்க ஏறியது.

“ஏனுங்க, ஆத்தங்கரை ஊருன்னு சொன்னீங்க. ஆத்துக்குள்ளயல்ல இருக்குது!” என்று தாய்மாமன் சத்தம் போட்டார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கோழிகள் பறக்க, வைக்கோலுக்குள்ளிருந்து பரிசலை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்ததும் தாய்மாமனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. சித்தப்பா யாரையும் பார்க்காமல் ஒரு ஓரமாக நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெண்ணின் அம்மா மட்டும் தனியாக நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“சாமி, இந்தத் தண்ணி எப்ப வடியும்?”

இனி மறைக்க என்ன இருக்கிறது? “தை கடைசியிலதானுங்க” என்றேன்.

“அதுவரைக்கும் வெளிய போவோணும்னா?”

“பரிசல்லதானுங்க. ஊருக்கே இது ஒண்ணுதானுங்க.”

“ராத்திரில?”

“இருட்டுனா பரிசக்காரரு ஓட்டமாட்டாருங்க.”

“பொம்பளைங்க தனியாப் போவாங்களா?”

“ஆராச்சும் கூடப் போவாங்க. போறது வாரது ஊருக்கே தெரிஞ்சிருமுங்க.”

எனக்குப் பின்னால் நின்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டது கேட்டது. பெண்ணின் அம்மா இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். அப்புறம் தன் தம்பியின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் சத்தம் அடங்கிவிட்டது. அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பி, “எலை போடச் சொல்லுங்க. கை நனைச்சுட்டே போறோம்” என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். நான் எங்கள் ஊரைப் பற்றி அவ்வளவு எடுப்பாகச் சொன்னதால்தான் அவர்களுக்கு மனம் மாறியது என்று நினைத்தேன். எனக்கு ஒரு ஒப்புட்டு கூடவே கிடைத்தது. சித்தப்பா மறுநாள் காலையிலேயே சவரம் செய்துகொண்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சித்தி பரிசலில் வந்து இறங்கினார், தலையை நிமிர்த்தவேயில்லை. வெட்கம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அவரை அன்றைக்கே பிடித்துப்போனது.

எனக்கே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அம்மா மீதியைச் சொன்னார். சித்தி கல்யாணத்துக்கு முன்பே ஒரு லாரி டிரைவரோடு கிளம்பிப் போயிருக்கிறார். சேலம் பஸ் ஸ்டாண்டில் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்திருக்கிறார்கள். “நாம அவியள ஏமாத்தறதா நெனச்சோம். அவிய மாப்பிள்ளை தேடவே இல்ல கண்ணு, ஊருதான் தேடுனாங்க” என்றார் அம்மா. சித்தப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

சித்தப்பா கல்யாணம் முடிந்த வாரத்திலிருந்து, பரிசல் துடுப்பு இரவில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. அதற்கு முன் அது கரையில் பரிசலோடுதான் கிடக்கும். இப்போது அம்மா அதை வாங்கித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஊரே எங்கள் வீட்டுக்குக் கொடுத்த மரியாதை அது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

ஒரு சாயங்காலம் சித்தி கோரை காய்கிற களத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தண்ணீர் எப்போது வடியும் என்று கேட்டார். பரிசல் ஒன்றுதானா, இரவில் ஓட்டுவார்களா, பெண்கள் தனியாகப் போவதுண்டா என்றெல்லாம் கேட்டார். அவர் அம்மா கேட்ட அதே கேள்விகள், அதே வரிசையில். அம்மாவைப் போலவே மகளுக்கும் எங்கள் ஊர்மேல் எவ்வளவு அக்கறை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் அன்றைக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னேன். அவர் கேட்காத ஒன்றையும் நானாகவே சேர்த்துச் சொன்னேன்.

“துடுப்புக்கூட நம்ம ஊட்லதான் இருக்குதுங்க சித்தி.”