வாய் திறக்காமல் சொல்லிக்கொடுத்த சமையல்

செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கிறவள் அவள். பதினான்கு வருஷமாக ஒரே மெஷின். ஒல்லி உடம்பு, சுருக்கென்று குத்தும் பேச்சு. அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் 'ஊசி'. அந்த வாயைத்தான் அவள் புருஷன் உடைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு வேக இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்றாள். லாரி ஓட்டுகிற அவனுக்குப் பசி வந்தால் கண் மண் தெரியாது. "பத்து நிமிஷமா?" என்று கேட்டுக்கொண்டே முகத்தில் குத்தினான். இடது தாடை இரண்டாகப் பிளந்தது. பன்னிரண்டு வயது மகளும் ஒன்பது வயது மகனும் கட்டிலுக்கு அடியில் பதுங்கிக் கிடந்தார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் அவன் லாரியை எடுத்துக்கொண்டு தலைமறைவாகிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. குழாய் வைத்துக் கஞ்சிதான். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தபோது மகளின் மணிக்கட்டில் பெரிய கொப்புளம். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ராத்திரிச் சாப்பாடு கொடுத்திருக்கிறாள். மற்ற வேளைகளில் காய்ந்த ரொட்டி. முட்டை அவிக்கப் போய் மகள் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலையே ஊசி பாடத்தை ஆரம்பித்துவிட்டாள். பேச முடியாதவள் கரண்டியால் சமையல் மேடையைத் தட்டிப் பேசினாள். ஒரு தட்டு என்றால் தீயைக் குறை. இரண்டு தட்டு என்றால் அணை. வெங்காயம் நறுக்கும்போது விரல் நுனியை உள்ளே மடக்கி வைத்துக் காட்டினாள். அரிசி அளந்த டம்ளரைக் காட்டி, தண்ணீருக்கு விரல் நீட்டிக் கணக்குச் சொன்னாள்.

"அம்மா, இப்பத்தான் நீ திட்டாம சொல்லித் தர்ற," என்றான் மகன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கம்பி இழுத்ததில் கண்ணில் தண்ணீர் முட்டியது.

நான்காவது வாரம், சனிக்கிழமை காலை, புருஷன் கதவை எட்டி உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மகன் முக்காலி மேல் நின்று பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஆம்பளப் புள்ள கையில கரண்டியக் குடுத்து பொம்பளையாக்குறியா?"

பையனின் சட்டையைப் பிடித்து இழுத்து ஓங்கி ஓர் அறை. அலமாரியில் முகம் மோதி, பையனின் உதடு கிழிந்தது. ஊசி குறுக்கே பாய்ந்தாள். அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், ஒருமுறை, மறுமுறை. அவளால் கத்தவும் முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு உறுமல்தான் வந்தது. மகள் அதற்குள் அடுப்பை அணைத்திருந்தாள்.

ஊசியின் கைக்கு இரும்பு வாணலி அகப்பட்டது. முதல் அடி அவன் தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. இரண்டாவது அடிக்கு அவன் சரிந்தான். அவள் விடவில்லை. விழுந்து கிடந்தவனை மூன்றாவதாக அடித்தாள், நான்காவதாகவும் அடித்தாள்.

"போதும்மா! செத்துடுவாரும்மா!" மகள் அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள்.

அவன் சாகவில்லை. சத்தம் கேட்டு வாசல்வரை ஓடிவந்திருந்த தையல்காரம்மா நீதிமன்றத்தில் கூண்டில் ஏறி, கண்டதைக் கண்டபடி சொன்னாள். அவனுக்கு மூன்று வருஷம் சிறை. தற்காப்புக்காக அடித்தாள் என்று ஊசியை விட்டுவிட்டார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பியைக் கழற்றினார்கள், பேச்சு திரும்பியது, கூடவே கோபமும் வந்தது. ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து களைத்து வந்தவள், மகன் பாலைப் பொங்கவிட்டு அடுப்பை நாசமாக்கியிருப்பதைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. கரண்டியால் முதுகில் ஒரு வீச்சு. பையன் அழவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

மகள் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "எங்களுக்கு இப்ப சமைக்கத் தெரியும்மா. இன்னொரு தடவ அடிச்சா, நாங்களே சமைச்சு நாங்களே சாப்பிட்டுக்குவோம். நீ வேணாம்."

ஊசி மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். தையல்காரம்மா வந்து என்ன என்று கேட்டாள்.

"அவன் கை எனக்கு வந்திருச்சுக்கா," என்றாள்.

உள்ளே போனபோது மகள் இரண்டு தட்டுதான் போட்டிருந்தாள். மூன்றாவதை ஊசியே எடுத்து வைத்துக்கொண்டு, "தப்புடா கண்ணு," என்று மகனிடம் சொன்னாள். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு அவள் கை ஓங்கவே இல்லை என்றால் அது பொய். இரண்டு தடவை ஓங்கினாள். இரண்டு தடவையும் மகள் தம்பியைக் கூட்டிக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஊசி தனியாகச் சாப்பிட்டாள். மூன்றாவது தடவை ஓங்கவில்லை.