ஏலம் முடியட்டும் என்றார் டாக்டர்

1938-ஆம் வருஷம் எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை நடந்த அன்றுதான் என் மகள் தங்கத்தின் வலது கை போயிற்று. கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஆனால் என் கோபம் ஆறிவிட்டது என்று எழுதமாட்டேன். அது பொய்ச்சாட்சி.

நான் ராஜபாளையத்தில் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் பாக்டரியில் வேலை செய்கிற விதவை. பண்டிகைக்கு முந்தின நாள் தங்கம் மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். எங்கள் சபைக் கமிட்டியில் இருந்த டாக்டரிடமே கொண்டுபோனேன். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, தம் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார். மறுநாள் காலையில் விரல்கள் வீங்கி நீலம் பாரித்துவிட்டன. பிள்ளை துடித்தாள்.

"வலிக்கத்தான் செய்யும். கட்டைத் தொட்டா கை முடமாயிரும்" என்று மிரட்டிவிட்டு அவர் கோவிலுக்குப் போய்விட்டார். காணிக்கையாக வந்த பூசணியையும் சேவலையும் ஏலம் விடுவது வருஷாவருஷம் அவர்தான்.

நர்ஸ் எஸ்தர் பொறுக்கமாட்டாமல் அங்கேயே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் செத்திருந்தது. "ஏலம் முடியட்டும்னுட்டாவ, அக்கா."

விளக்கு வைத்த பிறகுதான் டாக்டர் வந்தார். அதற்குள் கை கறுத்துச் சில்லிட்டிருந்தது. மதுரையில் வெட்டி எடுத்தார்கள். கட்டை அன்று காலையிலேயே தளர்த்தியிருந்தால் கை பிழைத்திருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர்.

நான் டாக்டர் மேல் வழக்குப் போடப் போகிறேன் என்றதும் எங்கள் சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கே வந்தார். "சகோதரன் பேர்ல கோர்ட்டுக்குப் போகலாமாம்மா? வேதம் வேண்டாங்குதே."

"என் பிள்ளை கையை வெட்டுனப்போ இந்தச் சகோதரன் எங்க இருந்தாரு ஐயரே?" என்று கேட்டேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் டாக்டர் வேதபுத்தகத்தின் மேல் கை வைத்து, "யாரும் வந்து என்னிடம் சொல்லவில்லை" என்றார். எஸ்தர் வந்து சொன்னதைச் சபையே பார்த்தது. அத்தனை பேரும் கவனிக்கவில்லை என்றார்கள். எஸ்தரை நர்ஸுக்குப் படிக்க வைத்ததே அந்த டாக்டர். அவள் என்ன சொல்வாள்?

அவளைக் கூண்டில் ஏற்றும் முன் கோர்ட் வாசலில் நின்று ஜெபித்தேன். பக்தியான ஜெபம் அல்ல. "ஆண்டவரே, கையைக் கேட்டேன், தரலை. ஒரு வாயையாவது திறந்துவிடும். இல்லன்னா இனி உம்ம வாசலுக்கே வரமாட்டேன்" என்று சண்டை போட்டேன்.

எஸ்தர் புத்தகத்தைத் தொட்டாள். டாக்டர் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நான் போய்ச் சொன்னேன். பிள்ள கை நீலம் பாரிச்சிருச்சு, வாங்கய்யான்னு கெஞ்சுனேன். அவிய ஒரு சேவலைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, ஏலம் முடியட்டும் போன்னாவ."

ஸ்தோத்திரம்! அந்தக் கூண்டுப் பக்கத்திலேயே நான் உட்கார்ந்து அழுதேன். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. எஸ்தருக்கு வேலை போயிற்று. இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், தங்கத்துக்குத் தலை பின்னிவிடுகிறாள்.

பிரியமானவர்களே, கோபத்தோடு ஜெபிக்கக் கூடாது என்று சொல்லி உங்களை உட்கார வைப்பார்கள். உட்காராதீர்கள். கோபத்தோடேயே கர்த்தரிடம் போங்கள். அவர் என்னைச் சும்மா இரு என்று சொல்லவில்லை. சொன்னதெல்லாம் மனுஷர்தான்.