ஈர்க்கில் அளந்த பெற்றோல்

நான் கணக்கு வாத்தியார். எண்ணை நம்புவேன், ஆளை நம்பமாட்டேன். அந்தக் குணத்தால் என் மச்சானுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் எனக்கு மனம் ஆறாது.

இரண்டாவது உலக யுத்தக் காலம். பெற்றோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். என்னிடம் ஒரு பழைய ரேஸ் கார் இருந்தது. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியது. இரண்டு பேர்தான் இருக்கலாம். மேலே கூரை கிடையாது. காங்கேசன்துறை வீதியில் அதை விட்டேனென்றால் மாட்டுவண்டிக்காரர்கள் தூரத்திலேயே ஒதுங்கிவிடுவார்கள். அப்போது எனக்கிருந்த எடுப்பை நினைத்தால் இப்போது வெட்கமாயிருக்கிறது.

சண்டிலிப்பாயில் நாங்கள் இருந்த வீடு தங்கச்சிக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்தது. கலியாணம் கட்டாத நான் அவளோடும் புருஷனோடும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் புருஷன், என் மச்சான், கொடிகாமத்து ஆள். அரசாங்கக் கிளாக்கர் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு தரம் தவறிவிட்டது. அந்த வருடத்தோடு வயது எல்லையும் முடிகிறது. இதையும் விட்டால் ஆயுள் முழுக்கப் புகையிலைத் தோட்டம்தான்.

அந்த நேரத்தில்தான் பெற்றோல் குறையத் தொடங்கியது. ஓர் ஈர்க்கை எடுத்து, காரின் பின்பக்கத்துப் பெற்றோல் ராங்கிக்குள் விட்டு, நனைந்த இடத்தில் கத்தியால் கீறிவைத்தேன். ஓடாமல் நின்ற காரில் ஒவ்வொரு விடியலும் ஒரு நகக்கண் அளவு இறங்கியிருந்தது. ஓடும்போதோ, வேகம் பிடிக்கிற நேரம் பார்த்து இருமியது. யாரோ பெற்றோலை எடுத்துவிட்டு, அதில் பாதிக்குத் தண்ணீர் விட்டு ஈடுகட்டுகிறான் என்று நினைத்தேன். யார்? விடியற்கருக்கலில் எழும்பிக் கார் நின்ற பக்கமாக விளக்கோடு குந்தியிருப்பவர் மச்சான். கொடிகாமம் சந்தையில் லொறி வைத்திருக்கும் சிநேகிதன் யாருக்கு? மச்சானுக்கு. மடியில் புத்தகம் இருந்தது உண்மை. அதைச் சாட்டு என்று கணக்கில் போட்டேன்.

"வேலியே பயிரை மேயுது," என்று சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சொல்வேன். மச்சான் சோற்றைப் பார்ப்பார்.

"நேரை கேளுங்கோவன் அண்ணை. ஏன் குத்திக் குத்திக் கதைக்கிறியள்?" என்றாள் தங்கச்சி.

நேரே கேட்டால் கள்ளன் விழித்துக்கொள்வான் என்பது என் கணக்கு. அதனால் வேறு வழி பார்த்தேன். வளவின் மூலையில் புகையிலைக்குப் புகை போடும் குடில் இருந்தது. மண்சுவர், யன்னல் கிடையாது, ஒரே வாசல். போகம் முடிந்து சும்மா கிடந்தது. வாசலை இடித்து அகலமாக்கிப் பலகைக் கதவு போட்டுக் காரை உள்ளே விட்டு, ஆமைப்பூட்டுப் போட்டேன். பூட்டின் திறப்பு என் அரைஞாணில் தொங்கியது. ஆண்டாண்டாக ஏறிய புகையிலை நெடி அந்தக் குடிலுக்குள் வேறெந்த மணத்தையும் விடாது. கரிபிடித்த மண்தரையில் ஈரமும் தெரியாது. அப்போது அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை.

பெற்றோல் அப்படியும் இறங்கியது. பூட்டை மாற்றினேன். இறங்கியது. கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா பார்த்துவிடுவோம் என்று கறுவிக்கொண்டேன்.

ஒரு நாள் மச்சான் சைக்கிளில் போய்க் குருநகர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் காருக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"ஐயா, உது களவில்லை. ராங்கியிலையிருந்து முன்னுக்குப் போற செம்புக் குழாய் உக்கிப்போச்சு. கசியுது. அதுக்குள்ளாலை காத்தும் இழுக்குது, அதுதான் இருமல். முழுக்க மாத்த வேணும்."

எனக்கு உடனே பிடிபட்டது, அதாவது பிடிபட்டதாக நினைத்தேன். யுத்தக் காலத்தில் செம்புக்கு நல்ல கிராக்கி. கூட்டிவந்தவர் மச்சான், இருவரும் கிணற்றடியில் நின்று குசுகுசுத்ததையும் கண்டிருந்தேன். பழைய குழாயைக் கழற்றிப் பங்கு போடப் பார்க்கிறார்கள். "பிறகு பாப்பம்," என்று அனுப்பிவிட்டேன்.

போகம் வந்தது. குடில் வேண்டுமென்று மச்சான் கேட்டார். காலையில் காரை முற்றத்துக்கு எடுத்துவிட்டேன். அவர் இலைகளைத் தூக்கிக் கட்டிவிட்டு, தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குவித்து, ஒரு சிரட்டையில் தணல் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சோதனைக்குப் பத்து நாள் இருந்தது.

சத்தம் பெரிதில்லை. நெருப்பு நிலத்திலிருந்து ஒரேயடியாக எழும்பியது. மச்சான் வெளியே ஓடிவந்தபோது புருவம் இல்லை. வலது கை, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, வெந்திருந்தது. மாதக் கணக்காக நான் பூட்டிப் பூட்டிக் காத்த பெற்றோல் அந்தத் தரைக்குள்தான் இருந்தது.

ஆசுபத்திரிக்கு என் காரைத் திருப்பினேன். "உதிலை அவரை ஏத்தமாட்டன்," என்றாள் தங்கச்சி. அயல் வீட்டு மாட்டுவண்டியில் கொண்டுபோனாள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் என்று ஊர் சொன்னது. சொல்லட்டும், பொய்யா?

சோதனை நாளில் மச்சானின் கை கட்டோடு மடியில் கிடந்தது.

நானே குருநகருக்குப் போய் மெக்கானிக்கைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். பழைய குழாயைக் கழற்றி, ஒரு நுனியை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி ஊதினார். காரின் சட்டத்தோடு பட்டி போட்டு இறுக்கியிருந்த, பச்சை பிடித்த இடத்தில் குமிழிகள் வரிசையாக எழும்பின. ஊசி முனை அளவு துவாரம். புதுக் குழாய்க்குள் மணலை அடைத்து, நெளியாமல் மெல்ல மெல்ல வளைத்தார். மறு நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தவர் மச்சான். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தானாக வந்து பிடித்தார். மணலைத் தட்டி, ஊதித் துப்புரவாக்கிக் காரில் பூட்டி முடிக்கப் பொழுது பட்டுவிட்டது.

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மறுநாள் விடிய எழும்பினேன். கால் தானாகக் காரடிக்குப் போனது. முதல்நாள் இரவு புதிதாகக் கீறிவைத்த ஈர்க்கை விட்டுப் பார்த்தேன். கீறின இடத்திலேயே நின்றது. திரும்பினால் மச்சான் தேத்தண்ணியோடு நிற்கிறார்.

"எவ்வளவு இருக்கு மச்சான்?" என்று என்னைக் கேட்டார்.

"அப்பிடியே இருக்கு."

"நல்லது. இனியெண்டாலும் நிம்மதியாய்ப் படுங்கோ," என்று கோப்பையை நீட்டினார். பிறகு தன் கையைப் பார்த்துவிட்டு, "இடக்கையாலை தாறனெண்டு குறை நினையாதேங்கோ," என்றார்.